கடைசிப் பத்து மீட்டர்

ஒரு பொருளை ஒளித்து வைத்தவரே அந்த இடத்தை ஊரறியச் சொல்லிவிட்டு, 'வந்து கண்டுபிடியுங்கள்' என்று அழைப்பதும், அழைப்பை ஏற்றுக் கையில் கருவியோடு போனவர் ஒரு மணி நேரம் கல்லையும் புதரையும் துருவிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதும், ஜியோகேச்சிங் என்னும் புதையல் விளையாட்டில் நித்தியப்படி நடக்கிற காரியங்கள். இடம் தெரியாமல் ஏமாந்தால் மனம் ஆறிவிடும். இடம் தெரிந்தும், அதுவும் அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கோடு தெரிந்தும், பொருள் அகப்படாமற் போனால் வருகிற எரிச்சல் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. இவ்விளையாட்டில் இறங்கியவர்களில் அந்த எரிச்சலை அறியாதவர் ஒருவரும் இல்லை. அதைத் தாங்கத் தெரியாமல் சில வாரங்களிலேயே கருவியை மூலையில் போட்டவர்களும் உண்டு. ஆகையால், அது எங்கிருந்து பிறக்கிறது, பிறந்தபின் அதை என்ன செய்வது என்று நிதானமாக விசாரிப்பது பயனுள்ள காரியம்.

துல்லியம் தந்த ஆசை

இந்த எரிச்சலின் வேர் விளையாட்டின் பிறப்பிலேயே இருக்கிறது. அமெரிக்க அரசாங்கம் தன் ராணுவத்துக்காக ஏற்படுத்திய ஜி.பி.எஸ். என்னும் செயற்கைக்கோள் வழிகாட்டி, பொதுமக்களின் கருவிகளுக்கு எட்டும் சமிக்ஞையில் வேண்டுமென்றே சிறிது பிழையைக் கலந்தே நெடுங்காலம் அனுப்பி வந்தது. அதனால் சாதாரண மனிதரின் கருவி காட்டும் இடத்துக்கும் அவர் உண்மையில் நிற்கும் இடத்துக்கும் 100 மீட்டர் வரை வித்தியாசம் இருப்பது சகஜமாயிருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி, ஜனாதிபதி கிளின்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்தும்படி உத்தரவிட்டிருப்பதாக அறிவித்தார். அன்றிரவே உலகெங்கும் மக்கள் கையிலிருந்த கருவிகள், எவரும் அவற்றைத் தொடாமலேயே, ஏறக்குறைய பத்து மடங்கு நுட்பம் பெற்றுவிட்டன.

இந்தப் புதிய துல்லியத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பிய டேவ் அல்மர் என்பவர், மே 3-ஆம் தேதி, ஒரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகருக்கு அருகிலுள்ள பீவர்கிரீக் என்ற இடத்தில், ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியில் குறிப்பேடு, பென்சில், சில புத்தகங்கள், வீடியோ நாடாக்கள், ஒரு கவண் முதலிய சில்லறைச் சாமான்களைப் போட்டு வைத்துவிட்டு, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் அறிவித்தார். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஏதாவது ஒன்றை வைக்க வேண்டும் என்பதே அவர் விதித்த ஒரே நிபந்தனை. மூன்று நாட்களுக்குள் இருவர் அந்த வாளியைக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சியாட்டிலைச் சேர்ந்த ஜெரமி ஐரிஷ் இதற்கென்று ஓர் இணையதளம் தொடங்கியபோது, அதில் பதிவான பெட்டிகள் 75. இன்று 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் 30 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் பாலங்களுக்கு அடியிலும் மரப்பொந்துகளிலும் பாறை இடுக்குகளிலும் உட்கார்ந்திருக்கின்றன.

இதற்கு ஒரு மூதாதை உண்டு. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் டார்ட்மூர் என்னும் ஈரப் புல்வெளி மேட்டுநிலத்தில், 1854-ஆம் ஆண்டு, ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குளம் என்று பெயர் வழங்கும் எட்டாக் கையான இடத்தில் ஒரு புட்டியை வைத்து, அவ்வளவு தூரம் சேற்றில் நடந்து வருகிறவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் போட்டுச் செல்லலாம் என்று ஏற்பாடு செய்தார். அதிலிருந்து கிளைத்த 'லெட்டர்பாக்ஸிங்' என்ற பொழுதுபோக்கில், ஒரு குன்றின் உச்சியைப் பார்த்துக்கொண்டு திசைகாட்டியின்படி இத்தனை பாகை, அங்கிருந்து இத்தனை அடி என்பதுபோலத்தான் குறிப்புகள் இருக்கும். குறிப்பே மங்கலாக இருந்தபடியால், கிடைக்காதவர் தம் அதிர்ஷ்டத்தை நொந்துகொண்டார், எவர்மீதும் கோபிக்கவில்லை. ஜியோகேச்சிங்கிலோ யந்திரம் திரையில் எண்களைக் காட்டி, 'இன்னும் நான்கு மீட்டர், மூன்று மீட்டர்' என்று அழைத்துப்போய், கடைசியில் கையை விட்டுவிடுகிறது. கிடைக்கும் என்ற வாக்குறுதி எவ்வளவு துல்லியமோ அவ்வளவு கடுமையாகிறது கிடைக்காதபோது வரும் ஆத்திரம். அந்த வாக்குறுதி உண்மையில் எவ்வளவு பெறும் என்று கணக்கிட்டுப் பார்த்துவிட்டால் ஆத்திரத்தில் பாதி அங்கேயே தணிந்துவிடும்.

எட்டு சென்ட் நிலம்

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றில் குறைந்தபட்சம் நான்கு அனுப்பும் சமிக்ஞைகள் வந்துசேர எவ்வளவு நேரமாயிற்று என்பதைக் கணக்கிட்டே நம் கையிலுள்ள கருவி தன் இருப்பிடத்தைத் தீர்மானிக்கிறது. சமிக்ஞையின் வேகம் ஒளியின் வேகம். ஆகையால் ஒரு விநாடியில் பத்து கோடியில் ஒரு பங்கு நேரம் கணக்கில் தவறினாலும் தூரத்தில் மூன்று மீட்டர் தவறிப்போகும். அடர்ந்த மரக்கிளைகள் சமிக்ஞையை மெலியச் செய்கின்றன. செங்குத்துப் பாறைகளும் உயர்ந்த கட்டடங்களும் அதைத் திருப்பியடித்துச் சுற்றுவழியில் அனுப்புகின்றன. திறந்த வானத்தின்கீழ், நல்ல நிலைமையிலேயே, கைபேசி காட்டும் இடம் ஏறக்குறைய 5 மீட்டர் வரை தவறியிருக்கலாம் என்பது பொதுவான கணக்கு.

இதிலே பலர் மறந்துவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. தேடுபவரின் கருவிக்கு 5 மீட்டர் பிழை உண்டென்றால், பெட்டியை ஒளித்தவர் அன்று எண்களைக் குறித்துக்கொண்ட கருவிக்கும் அதே பிழை உண்டு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் விழுந்துவிட்டால், பெட்டி 10 மீட்டர் தள்ளி இருக்கும். 10 மீட்டர் என்பது நடந்து பார்க்கிறபோது சொற்ப தூரம்தான். ஆனால் அதையே ஆரமாக வைத்து வட்டம் போட்டால் பரப்பு 314 சதுர மீட்டர் ஆகிறது. நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய எட்டு சென்ட் நிலம். அவ்வளவு நிலத்தில், முள்ளும் சருகும் கல்லும் நிறைந்த காட்டில், கட்டைவிரல் அளவுள்ள ஒரு குப்பியைத் தேடச் சொல்லியிருக்கிறார்கள் என்று உணர்ந்து போகிறவருக்கும், அம்புக்குறி காட்டும் புள்ளியிலேயே பெட்டி காத்திருக்கும் என்று நம்பிப் போகிறவருக்கும் மனோநிலையில் எவ்வளவு வித்தியாசம்! பின்னவர் அந்தப் புள்ளியை விட்டு நகராமல், கருவியைக் கிழக்கே நீட்டியும் மேற்கே நீட்டியும், எண்கள் மாறுவதைப் பார்த்து மாறி மாறிச் சபித்துக்கொண்டு நிற்கிறார். கருவியின் வேலை அவரை அந்த எட்டு சென்டில் கொண்டுவந்து சேர்த்தபோதே முடிந்துவிட்டது.

ஒளிப்பவரின் கைவரிசை

இரண்டாவது காரணம் மனித சாமர்த்தியம். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண்கள் தருகிறார்கள்: கண்டுபிடிப்பதன் சிரமத்துக்கு ஒன்று, சென்றடையும் தரையின் சிரமத்துக்கு ஒன்று. இரண்டும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறுகின்றன. தரை 1, சிரமம் 5 என்று ஒரு பெட்டிக்குப் போட்டிருந்தால், சக்கர நாற்காலியில் வந்தும் அந்த இடத்தை அடையலாம், ஆனால் ஒரு நாள் முழுக்கத் தேடியும் கிடைக்காமற் போகலாம் என்று அர்த்தம். இந்த எண்களைப் பார்க்காமலே புறப்பட்டுவிட்டுப் பிறகு ஒளித்தவரை வைவது நியாயமல்ல.

அமெரிக்கக் கடைவீதிகளின் வாகன நிறுத்துமிடங்களிலே நிற்கும் உயர்ந்த விளக்குக் கம்பங்களைக் கவனித்தால், அடியில் கம்பத்தைத் தரையோடு பிணைக்கும் திருகாணிகளை மூடிச் சதுரமான ஒரு தகடு பாவாடைபோல் அமர்ந்திருப்பது தெரியும். அந்தத் தகடு கம்பத்தோடு ஒட்டியதல்ல. இரு கையாலும் பிடித்து மேலே தூக்கினால் கிறீச்சென்ற ஓசையோடு ஏறிவரும். உள்ளே, துருப்பிடித்த திருகாணிகளுக்கு நடுவே, பழைய ஃபிலிம் டப்பா ஒன்று கிடக்கும். அதனுள் சுருட்டிய காகிதம், அதில் வரிசையாகப் பெயர்களும் தேதிகளும். தகடு தூக்கவரும் என்று அறியாத புதியவர் அந்தக் கம்பத்தைப் பத்து முறை வலம் வந்தாலும் பயனில்லை. அறிந்தவருக்கோ அரை நிமிட வேலை.

இதைவிடச் சிறியது 'நானோ' என்று வழங்கும் உலோகச் சிமிழ். சட்டைப் பொத்தான் அளவே இருக்கும், அடியில் காந்தம். பூங்காப் பெஞ்சின் இரும்புச் சட்டத்தில், ஏற்கெனவே உள்ள திருகாணித் தலைகளின் வரிசையில் இன்னொரு தலையாக அது ஒட்டியிருக்கும். வேறு சிலர் கல்லைக் குடைந்தும், மரக்கிளைத் துண்டில் துளையிட்டும், பொய்யான குழாய் முனையைச் சுவரில் பொருத்தியும் ஒளிப்பார்கள். நெற்றியில் ஏற்றிய மூக்குக் கண்ணாடியை வீடெல்லாம் தேடுகிறவர் கதிதான் இங்கே பலருக்கும்: பார்வை அதன்மீது பலமுறை பட்டுவிடுகிறது, மனம்தான் அதை ஏற்றுக்கொள்வதில்லை. பெட்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஓர் உருவத்தை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போனவருக்கு அந்த உருவமே திரையாகிவிடுகிறது.

இல்லாத பெட்டி

மூன்றாவது காரணம், தேடுபவர் எவ்வளவு சமர்த்தராயினும் வெல்ல முடியாதது: பெட்டி அங்கே இல்லவே இல்லை. வெள்ளம் கொண்டுபோயிருக்கும்; மரத்தை வெட்டியிருப்பார்கள்; விவரம் தெரியாத யாரோ குப்பையென்று எடுத்து எறிந்திருப்பார்கள். அல்மர் வைத்த அந்த முதல் வாளியே நிலைக்கவில்லை. அது இருந்த இடத்தில் இன்று ஒரு நினைவுப் பலகைதான் இருக்கிறது. 2001-இல் 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' திரைப்படத்தின் விளம்பரத்துக்காக வைக்கப்பட்ட பெட்டிகளில் ஒன்று, வாஷிங்டன் மாநிலத்து மலைப்பாதையில் பத்தாண்டு காலம் பிரசித்தமாய் இருந்து, 2011-இல் காணாமற் போய், 2016-இல் மீண்டும் அதன் ஸ்தானத்துக்கு வந்தது.

சந்தேகத்துக்கு ஆளாகி அழிந்த பெட்டியும் உண்டு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வெதர்பி என்ற சிற்றூரின் கடைத்தெருவில், 2011-ஆம் ஆண்டு, ஒரு பெட்டியைப் பார்த்தவர்கள் வெடிகுண்டோ என்று அஞ்சிப் போலீசுக்குச் சொல்ல, தெருவைக் காலி செய்து, ராணுவ நிபுணர்கள் வந்து அதை வெடித்துத் தகர்த்தார்கள். ஊர் நடுவில் தேடுகிறவருக்கு இதனால் வரும் சங்கடம் ஒன்று உண்டு: யாரோ பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் தேடல் பாதியில் நிற்கும், கூச்சமே எரிச்சலாக மாறும். அத்தகைய இடங்களில் கேட்பவருக்கு ஒளிவுமறைவின்றி விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. அல்லது விடியற்காலையில் ஆளரவம் இல்லாதபோது வருவது அதைவிட நல்லது.

தேடும் முறை

கருவியின் பிழை, ஒளித்தவரின் தந்திரம், இல்லாத பெட்டி என்ற மூன்றில் தம்மைத் தடுப்பது எது என்று தேடுகிற நேரத்தில் தேடுபவருக்குத் தெரிய வழியில்லை. அந்த நிச்சயமின்மைதான் மனத்தை அரிக்கிறது. ஆனாலும் ஊகிக்க உபாயங்கள் உண்டு. புறப்படுமுன் அந்தப் பெட்டியைப் பற்றி முன்னவர்கள் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். சிரமம் 1 என்று மதிப்பிட்ட பெட்டியை, கடைசியாகச் சென்ற நால்வரும் காணவில்லை என்றால், பெட்டி போய்விட்டது என்று நம்ப இடமுண்டு. சிரமம் 5 என்ற பெட்டியை நால்வர் காணாதது அதன் பெருமைக்குச் சான்று. பெட்டியின் அளவு என்ன என்று பார்க்க வேண்டும். நானோவைத் தேடுகிற கண் வேறு, சாப்பாட்டு டப்பாவைத் தேடுகிற கண் வேறு. ஒளித்தவர் தந்த துப்பு சங்கேத எழுத்தில் இருக்கும். ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துக்களை இரண்டு பாதியாக்கி, முதல் பாதியின் ஒவ்வோர் எழுத்துக்கும் மறுபாதியில் அதற்கு நேரான எழுத்தை மாற்றி எழுதுவது அந்தச் சங்கேதம். வேண்டியவர் வேண்டும்போது ஒரு நொடியில் பெயர்த்துக்கொள்ளலாம். துப்பைப் பார்ப்பது தோல்வி என்று சிலர் எண்ணுகிறார்கள். பார்க்கக் கூடாதென்றால் ஒளித்தவர் அதை எழுதியிருக்கவே மாட்டார்.

இடத்தை அடைந்ததும் கருவியைச் சட்டைப் பையில் போட்டுவிட வேண்டும். பிறகு ஒளித்தவரின் ஸ்தானத்தில் நின்று யோசிக்க வேண்டும்: இங்கே ஒன்றை ஒளிக்க வேண்டுமென்றால் நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்? வேர் புடைத்த மரம், இடிந்த சுவரின் மூலை, வேலிக் கம்பியின் முடிவு என்று மூன்று நான்கு இடங்கள் தாமே தலைகாட்டும். இயற்கை தானாக வைக்காத அடுக்கு எதுவோ அதைக் கவனிக்க வேண்டும். காற்றடித்து விழுந்த சுள்ளிகள் தாறுமாறாகக் கிடக்கும், மனிதன் போட்ட சுள்ளிகள் ஒரே திசையில் படுத்திருக்கும். ஒரு பக்கத்திலிருந்து பார்த்த இடத்தையே மறுபக்கத்திலிருந்தும், நின்று பார்த்ததைக் குனிந்தும் பார்க்க வேண்டும். பூச்செடிகளைப் பிடுங்குவதும் சுவர்க்கல்லைப் பெயர்ப்பதும் கூடாது. அங்கே இருப்பதைக் குலைத்தால்தான் கிடைக்கும் என்ற நிலைமையில் நேர்மையான ஒளிப்பவர் எவரும் வைப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வளவு நேரந்தான் தேடுவது என்று தொடக்கத்திலேயே ஒரு வரம்பு வைத்துக்கொள்வது விவேகம். அரை மணி நேரத்துக்குப் பிறகு தேடுகிறவர் பெரும்பாலும் முன்பு பார்த்த இடங்களையே மறுபடி பார்க்கிறார். கண் களைத்துவிடுகிறது, கை முரட்டுத்தனமாகிறது, விஷச்செடியின்மேலும் முட்கொடியின்மேலும் கவனம் குறைகிறது. பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. ஆறு மீட்டர் தள்ளி நின்று தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தவருக்குப் பெட்டி பளிச்சென்று தெரிந்த சந்தர்ப்பங்கள் அநேகம். அப்போதும் தெரியாவிட்டால், இன்னொரு நாள், இன்னொருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வருவதே மேல். நாம் பார்க்கப் பழகிவிட்ட விதத்தில் அவர் பார்க்கமாட்டார்.

'கிடைக்கவில்லை' என்ற பதிவு

தேடிக் காணாதவர் எழுதுவதற்கென்றே 'கிடைக்கவில்லை' என்றொரு பதிவு ஏற்பட்டிருக்கிறது. ஆனால் அதை எழுதக் கூசுகிறவர்கள் பலர். கண்டவற்றையெல்லாம் உற்சாகமாகப் பதிந்துவிட்டு, காணாதவற்றைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறார்கள். இந்தக் கூச்சத்துக்கு ஆதாரமே இல்லை. ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் எண்ணிக்கை கண்டுபிடித்த பெட்டிகளின் எண்ணிக்கை மட்டுமே. 'கிடைக்கவில்லை' என்று எழுதுவதால் அதில் ஒன்றுகூடக் குறைவதில்லை. அதை எழுதாததால் வரும் தீங்கோ பெரிது. பெட்டியின் சொந்தக்காரர் வேறோர் ஊரில் இருப்பார். தம் பெட்டி சுகமாக இருக்கிறதென்று நினைத்துக்கொண்டிருப்பார். நான்கு பேர் வந்து பெட்டியைக் காணாமல் திரும்பி, நான்கு பேரும் மௌனமாக இருந்துவிட்டால், ஐந்தாமவர் குடும்பத்தோடு அறுபது கிலோமீட்டர் வண்டியோட்டி வந்து அதே காலி இடத்தைத் துழாவுவார். முன்னவர்களின் வெட்கம் அவருடைய தலையில் விடிகிறது. தொடர்ந்து இத்தகைய பதிவுகள் வந்தால்தான் சொந்தக்காரர் போய்ப் பார்க்கிறார். அவர் பார்க்காவிட்டால் தளத்தின் தன்னார்வப் பரிசீலகர்களால் பெட்டியைப் பட்டியலிலிருந்து நீக்க முடிகிறது.

இந்த எரிச்சலிலிருந்து பிறந்த ஒரு கெட்ட வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தேடிக் காணாத சிலர், 'பெட்டி தொலைந்துதான் போயிருக்கும்' என்று தாமே முடிவு கட்டி, பையிலிருந்து ஒரு ஃபிலிம் டப்பாவை எடுத்து அங்கே போட்டு, அதிலேயே தம் பெயரை எழுதி, 'கண்டுபிடித்தேன்' என்று பதிந்துவிடுகிறார்கள். உதவி என்று அதற்குப் பெயரும் சூட்டிக்கொள்கிறார்கள். உண்மையான பெட்டி இரண்டடி தள்ளி, சிரமம் 4-க்குரிய மறைவில், பத்திரமாக இருந்திருக்கும். அடுத்து வருகிறவர் தரையில் கிடக்கும் டப்பாவைக் கண்டுவிட்டு, ஒளித்தவர் பல நாள் உழைத்துச் செய்த வேலையைக் காணாமலே திரும்பிப் போவார். ஒரே இடத்தில் இரண்டு பெட்டிகள், இரண்டிலும் பெயர்கள், எது மெய் எது போலி என்று குழப்பம். சொந்தக்காரர் கேட்டுக்கொள்ளாமல் இப்படிச் செய்வதை விளையாட்டை நடத்துகிறவர்களே விரும்புவதில்லை. தன் ஏமாற்றத்தைப் பிறர் தலையில் ஏற்றிவைக்கும் இந்தக் காரியத்தை உதவி என்று சொல்ல நியாயமே இல்லை.

ஏமாற்றம் இல்லாத புதையல் வேட்டை இருக்க முடியாது. போகும்போதெல்லாம் கிடைக்கும் என்றால் போவதில் சுவையே இராது. ஆகவே இந்த விளையாட்டில் இருக்கிறவர்களுக்கும் இனி இறங்கப்போகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: தேடிக் கிடைக்காத நாளில், வீடு திரும்பிய கையோடு, எவ்வளவு நேரம் தேடினீர்கள், எங்கெங்கே பார்த்தீர்கள், இடம் எப்படி மாறியிருக்கிறது என்று நான்கு வரி நேர்மையாக எழுதுங்கள், ஒளித்து வைத்த இடத்தை மட்டும் காட்டிக் கொடுக்காதீர்கள். நீங்களே பெட்டி வைத்தவராயிருந்தால், தொடர்ந்து மூன்று பேர் 'கிடைக்கவில்லை' என்று எழுதியபின் வீட்டில் உட்கார்ந்திராமல் நேரில் போய்ப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அன்றே புதிதாக வையுங்கள், வைக்க முடியாதென்றால் அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.